ஒன்பதாயிரத்து அறுநூறு பிட்டும் மூன்று மெமோவும்

இன்டர்நெட் லைன் போடுகிறவனுக்கு ஏணி ஏறத் தெரியாவிட்டாலும் சமாளித்துவிடலாம், எட்டாம் வாய்ப்பாடு தெரியாவிட்டால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. லைன் விற்கிறவர்கள் வேகத்தைப் பிட்டில் சொல்லி விற்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரோ வந்து சேர்ந்ததைப் பைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதாவது ஓர் எழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று திட்டு வாங்குவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நான்தான், பெயர் டேவிட்.

திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்த சக தியாகிகளே, நான் உங்களுக்கு முன்னால் கழித்தவன். சிதம்பரத்தில் டெலிபோன் ஒயரில் மோடத்தை மாட்டி, அது 'கீ... கொர்ர்...' என்று கத்தி முடிக்கும்வரை பிரார்த்தனை செய்த காலத்திலேயே வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது கடலூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். நானும் முருகனும் ஒரு ஜோடி, ஒரு பைக், ஓர் ஏணி. வடக்கே கடலூர், தெற்கே சிதம்பரம், மேற்கே பண்ருட்டி, எல்லாம் எங்கள் எல்லை. இந்த வருடம் பலாப்பழ சீசனில், ஒரே மாதத்தில் நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

வாத்தியார் வீட்டில்

சிதம்பரத்தில் ஒரு ரிட்டயர்டு கணக்கு ஆசிரியர் வீட்டுக்கு நூறு எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்குப் பத்துக் கோடி பிட் போகிற லைன் போட்டோம். மறுநாள் காலையிலேயே போன். ஓடிப்போய்ப் பார்த்தால், ஏதோ ஒரு ஃபைலை இறக்கிக்கொண்டு, ஸ்க்ரீனில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். "நூறுன்னு சொன்னீங்க. இங்க பன்னெண்டுதான் ஓடுது. மீதி எண்பத்தெட்டு எங்க போச்சு?" என்கிறார். குரலில் பிரம்பு இருந்தது. எனக்கு ஒரு நொடி கை தானாக நீண்டுவிட்டது.

எட்டு பிட் ஒரு பைட் என்று விளக்கினேன். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, ஆகவே வேகம் சரியாகத்தான் வருகிறது என்று நிரூபித்தேன். அவர் ஒரு தாளை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்தார். விடை சரியாக வந்ததில் அவருக்குக் கோபம் கூடியதே தவிர குறையவில்லை. சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டே சொன்னார்: "எட்டால வகுக்கணும்னா வகுத்துட்டு விளம்பரம் குடுங்க. பாதிக் கணக்க வச்சுட்டு எழுந்து போற பசங்களத்தான் முப்பது வருஷம் நான் வெளிய நிக்க வச்சேன்."

பம்ப் ஹவுஸ்

அதே வாரம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸ் ஒரு மூலையில், ஆபீஸ் இன்னொரு மூலையில். நடுவில் பழைய செம்புக் கம்பி லைன். இரண்டு முனையிலும் இரண்டு பழைய மோடம். வேகம் வினாடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு பிட். இன்றைய நூறு எம்பிபிஎஸ்ஸில் இது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாலை ஐந்து மணிக்கு, அன்றைக்கு ஓடிய பம்புகளின் ரீடிங்கை எல்லாம் ஒரே ஃபைலாக்கிப் பம்ப் ஹவுஸில் இருப்பவர் ஒரு பட்டனை அமுக்குவார். ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். ஆபீஸில் இருந்த பழைய கம்ப்யூட்டர் போன மாதம் மண்டையைப் போட்டுவிட்டது. புதுக் கம்ப்யூட்டரும் புது புரோகிராமும் வந்ததிலிருந்து ரீடிங் பல நாள் போவதில்லை.

அந்தப் பட்டனை அமுக்குவது கலைவாணி. குறிஞ்சிப்பாடிப் பெண், டிப்ளமா படித்தவள், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் வீட்டில் முதல் கம்பெனி வேலை இவளுடையதுதான். ஒரு வருடம் சோதனைக் காலம், அது இந்த மாதக் கடைசியில் முடிகிறது. முடிந்தால் நிரந்தரம். ஆனால் 'ரீடிங் அனுப்பத் தவறியதற்கு விளக்கம் தரவும்' என்று அதற்குள் மூன்று மெமோ. நாலாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதில் கொடுமை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. வேறு ஒருவர் அமுக்குவார். அன்றைக்கு மட்டும் ஃபைல் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நானும் முருகனும் கம்பியை முனைக்கு முனை சோதித்தோம். மழைத் தண்ணீர் இறங்கவில்லை, எலி கடிக்கவில்லை, மோடம் இரண்டும் நன்றாகப் பேசிக்கொண்டன. ஒரு குறையும் இல்லை. வழக்கமாக இப்படி ஒரு லைனைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. ரிப்போர்ட் எழுத நான் பேனாவைத் திறந்தபோது கலைவாணி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், ஒயர் நல்லாருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க. ஒயர் நல்லாருக்குன்னா அப்பறம் நான்தான் கெட்டவ."

போர்டு எழுதிய கதை

அந்தக் கவலையோடு சிதம்பரம் போனால், அங்கே ஒருவருக்கு வேறு கவலை. ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர், நான் மோடம் மாட்டிக் கொடுத்த பழைய கஸ்டமர். இப்போது அதே கடையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும். முந்நூறு எம்பிபிஎஸ் ஃபைபருக்கு மாறியிருந்தார். "பழைய ஐம்பத்தாறு கே மோடத்தவிட இது எத்தன மடங்கு, சொல்லுங்க. போர்டுல போடணும்" என்றார். கே என்றால் ஆயிரம் பிட், முந்நூறு எம் என்றால் மூன்று லட்சம் கே. அதை ஐம்பத்தாறால் வகுத்தேன். ஐயாயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு. இரண்டு பக்கமும் பிட் என்பதால் எட்டாம் வாய்ப்பாட்டுக்கே வேலை இல்லை. "அந்தக் காலத்தில் ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தாலும் நாற்பத்து நாலுதான் வந்தது" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பெயின்டர் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார்.

அடுத்த தடவை போகும்போது 'அன்றைவிட 5357 மடங்கு வேகம்' என்று மஞ்சள் எழுத்தில் பளபளத்தது. உள்ளே ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஐயாயிரம் மடங்குன்னு எழுதினு, ஒரு அப்ளிகேஷனுக்கு முக்கா மணி நேரமா நிக்க வெக்கிறியே?" என்று கேட்டார். கடைக்காரர் கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்: "லைனத்தான் மாத்தியிருக்கேன்மா. விரல் அதே விரல்தான்."

ஒன்றுக்குக் கீழே கிடையாது

பம்ப் ஹவுஸ் ரிப்போர்ட்டை நான் முடிக்காமலே வைத்திருந்தேன். எங்கள் நிறுவனத்தில் இப்போது எல்லாம் மொபைலில்தான். லைனின் வேகத்தை எம்பிபிஎஸ்ஸில் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஒன்பதாயிரத்து அறுநூறு பிட்டை எம்பிபிஎஸ்ஸாக மாற்றினால் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒன்பது ஆறு. போட்டேன். சிவப்பில் எரிந்தது: 'ஒன்றுக்குக் குறையாத முழு எண் தேவை.'

சென்னை ஹெட் ஆபீஸில் இதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் போட்டேன். "பூஜ்யம் போட்டா லைனே இல்லன்னு ஆயிடும்மா. ஒண்ணு போட்டா இருக்கறதவிட நூறு மடங்கு ஜாஸ்தி. நான் எதப் போடறது?" என்று புலம்பினேன். அவள் சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும், நானும் சிரித்துத் தொலைத்தேன். அவள் சொன்னபடியே செய்தும் தொலைத்தேன். அவள் சொன்னது இதுதான்: "ஒண்ணே போட்டுக்கோங்க சார். ஜாஸ்தியா இருந்தா எந்தக் கஸ்டமரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அரை வினாடி வேலை

கோவிக்காமல் இருப்பார்களா? அடுத்த வாரம் தொழிற்சாலைக்குப் போனபோது மேனேஜர் மேஜை மேல் என் ரிப்போர்ட், அச்சடித்து, 'ஒரு எம்பிபிஎஸ்' என்ற இடத்தில் கோடு போட்டு வைத்திருந்தது. மனுஷர் கெட்டவர் அல்ல. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், அதுதான் வம்பு. இரண்டு பம்பும் ஓடுகிற நாளின் பெரிய ஃபைல் ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு எழுத்து. எட்டால் பெருக்கினால் நாலரை லட்சத்துச் சொச்சம் பிட். ஒரு எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்குப் பத்து லட்சம். அவர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டு பேச, கதவருகே கலைவாணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ஃபாரத்தின் வாயை அடைக்க நான் போட்ட ஒன்று, இந்தப் பெண்ணின் தலையில் போய் விழுந்திருக்கிறது. மேனேஜர் முடித்தார்: "இந்த லைன்ல இது அரை செகண்ட் வேலை. நம்ம புரோகிராம் அம்பது செகண்ட் காத்திருக்குது. அப்பவும் வரலன்னா, பட்டன் பக்கத்துல ஆள் இல்லன்னுதான அர்த்தம்?"

இரண்டு வினாடி தாராளம்

உண்மையைச் சொல்லிவிட்டேன். "சார், ஒண்ணு இல்ல, ஒன்பதாயிரத்து அறுநூறு பிட்தான். ஃபாரம் ஒத்துக்கல, அதனால போட்டேன். தப்பு என்னோடது." மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புது புரோகிராம் எழுதிய சென்னைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஐம்பது வினாடி என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

அந்தத் தம்பி திணறவே இல்லை. ஒன்பதாயிரத்து அறுநூறை எட்டால் வகுத்தால் வினாடிக்கு ஆயிரத்து இருநூறு எழுத்து. பெரிய ஃபைல் போக நாற்பத்தெட்டு வினாடி. அதற்குள் முழுசாக வராவிட்டால் புரோகிராம் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடும் என்றார். நானும் அதே இடத்தில் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். சுத்தமாகச் சரியாக இருந்தது. நாளெல்லாம் ஊருக்குச் சொல்கிற எட்டாம் வாய்ப்பாட்டை நானே எப்படி மறுப்பேன்? கலைவாணி என் முகத்தையே பார்த்தாள். நான் மோடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பீக்கரில் அந்தத் தம்பி கடைசியாக, கொஞ்சம் பெருமையோடு சொன்னார்: "நாப்பத்தெட்டே போதும் சார். நான் ரெண்டு செகண்ட் தாராளமாவே குடுத்திருக்கேன்."

பண்ருட்டி மண்டி

மறுநாள் பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டியில் வேலை. லாரி புக்கிங் ஆபீஸில் நெட் வரவில்லை என்று புகார். ஒயர் மேலேயே பழத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். முருகன் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தான். வியாபாரி போனில் யாரிடமோ சண்டை. எதிர்முனையில் இருந்தவர் பழத்தை எடை போட்டு வாங்கி, சுளையை எடை போட்டுப் பார்த்துவிட்டு, பாதிகூட வரவில்லை என்று கத்துகிறார் போல. வியாபாரி ஒரு கையால் போனையும் மறு கையால் கைலியையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பழம் இருவது கிலோன்னா இருவதும் சுளையாவா இருக்கும்? தோலு, சக்க, காம்பு எல்லாம் இன்னா, லாரி பின்னாடியே நடந்தா வரும்?"

நெல்லிக்குப்பம் தாண்டி

திரும்பும் வழியில், நெல்லிக்குப்பம் தாண்டியதும், "முருகா, ஓரமா நிறுத்து" என்று கத்திவிட்டேன். அவன் ஏணி விழுந்துவிட்டது என்று நினைத்தான். விழுந்தது என் மண்டையில் ஒரு பொறி. அந்தப் பழைய மோடத்தில் எழுத்தும் பலாச்சுளையைப் போலத் தனியாகப் போவதில்லை. 'இதோ வருகிறது' என்று முன்னால் ஒரு பிட், 'முடிந்தது' என்று பின்னால் ஒரு பிட். எட்டோடு இரண்டு சேர்ந்து பத்து. இந்த மோடங்களை மாட்டிய காலத்தில் நாங்கள் எல்லோரும் யோசிக்காமல் பத்தால்தான் வகுப்போம். ஃபைபர் வந்தது, எட்டு எட்டு என்று ஜபித்து ஜபித்து, பத்தை நான் சுத்தமாக மறந்தே போனேன்.

பைக் சீட்டின் மேல் தாளை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒன்பதாயிரத்து அறுநூறைப் பத்தால் வகுத்தால் வினாடிக்குத் தொள்ளாயிரத்து அறுபது எழுத்துதான். பெரிய ஃபைல் போய்ச் சேர முழுசாக ஒரு நிமிடம் வேண்டும். புரோகிராம் ஐம்பதாவது வினாடியில் கதவைச் சாத்திவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பம்பில் ஒன்றுதான் ஓடும், ரீடிங் பாதி, முப்பது வினாடியில் போய்விடும். முருகன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னான்: "அப்ப அந்தப் பொண்ணு ஒரு மாசமா பத்து செகண்டுக்காகவா மச்சான் திட்டு வாங்கினு இருக்குது?"

அறுபது

மறுநாள் ஐந்து மணிக்கு ஆபீஸில் இருந்தோம். சென்னைத் தம்பியிடம் போனில் சொன்னேன். அவர் படித்தவர், ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். இரண்டு தடவை சாரி சொல்லிவிட்டு, ஐம்பதைத் தொண்ணூறாக மாற்றினார். முருகன் பம்ப் ஹவுஸில் நின்றுகொண்டான். அமுக்குகிறவள் அமுக்குகிறாளா என்று பார்க்க, மேனேஜர் கேட்டுக்கொண்ட சாட்சி. போனில் அவன் "அமுக்கிட்டாங்க" என்றதும் நான் மொபைலில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினேன். நாற்பத்தெட்டு ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. ஐம்பது. மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். ஐம்பத்தைந்து. இதுவும் தப்பாகப் போனால் என் ரிப்போர்ட்டே அவளுக்கு நாலாவது மெமோ. அறுபதைத் தாண்டி ஒரு சொச்சத்தில் ஸ்க்ரீனில் ஃபைல் முழுசாக வந்து உட்கார்ந்தது. நான் சத்தமாகவே ஸ்தோத்திரம் சொன்னேன்.

கலைவாணி பம்ப் ஹவுஸிலிருந்து கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். மேனேஜர் நல்ல மூடில் இருந்தார். "வந்துடுச்சும்மா. பத்து செகண்ட் விஷயம், இதுக்குப் போயி இவ்ளோ நாள். சரி, விடு" என்றார். நானாக இருந்தால் விட்டிருப்பேன். முருகன் ஏணியைக்கூடத் தோளில் எடுத்துவிட்டான். அவள் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, ஆனால் குரல் நடுங்காமல் கேட்டாள்: "பத்து செகண்டுக்கு மூணு மெமோ குடுத்தீங்க சார். என் ஃபைல்ல அது அப்படியே இருக்குது. அதத் திரும்பி வாங்க எத்தன செகண்ட் ஆவும்?"

கம்பெனி மேனேஜரிடம் இப்படிக் கேட்க எனக்கு இத்தனை வயதில் தைரியம் வந்ததில்லை. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவளுக்கு வந்தது. மேனேஜர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். டிராயரை இழுத்தார், லெட்டர்ஹெட் ஒன்றை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "டேவிட், அந்த ஸ்டாப்வாட்ச்ச இன்னொரு தடவ போடுங்க."

அந்தக் கடிதத்துக்கு நாலு நிமிடம் இருபது வினாடி ஆயிற்று, மெமோ மூன்றும் ரத்தாகின, மாதக் கடைசியில் கலைவாணிக்கு நிரந்தர ஆர்டரும் வந்தது.

இத்தனை வருடத்தில் நான் கண்டது, ஒன்று நடக்கவில்லை என்றால் முதலில் லைனைச் சந்தேகப்படுவார்கள், லைன் சரியென்றால் ஆளைச் சந்தேகப்படுவார்கள், சரியாக வந்துவிட்ட கணக்கைச் சந்தேகப்பட மட்டும் என்னையும் சேர்த்து ஒருத்தருக்கும் தோன்றாது.